பள்ளிக் கட்டண உதவி யாருக்கு உரியது?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் அறக்கட்டளைகளின் முகப்பில் பெற்றோர்கள் காத்திருப்பது வழக்கம். அவர்கள் கையில் பள்ளியின் கட்டண அட்டையும் வருமானச் சான்றிதழும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் இருக்கும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட உதவ வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. இருக்கும் பணம் பத்துப் பிள்ளைகளுக்குத்தான் போதும் என்றால், வந்திருக்கும் ஐம்பது பேரில் அந்தப் பத்துப் பேர் யார் என்பதுதான் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களின் கவலை. சில ஆண்டுகளாக ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளைக்காக இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைத்து வருகிறேன். கேட்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் இந்தத் தேர்வு எந்த அடிப்படையில் நடக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தால், இரு பக்கத்திலும் உள்ள மனவருத்தத்தில் பாதியாவது குறையும்.

கல்விக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. வணிகத்தில் வரும் வருவாயில் ஒரு சிறு பங்கை மகமை என்று தனியே எடுத்து வைத்து, அதைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் பாடசாலைக்கும் செலவிட்டவர்கள் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஆனால் கட்டடம் கட்டிக் கொடுப்பதற்கும் கட்டணம் கட்டிக் கொடுப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கட்டடம் கொடுப்பவர், அதில் யார் வந்து படிக்க வேண்டும் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும். கட்டணம் கொடுப்பவரோ ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அதாவது இன்னொரு பிள்ளையிடம் இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்கு நியாயமான காரணம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விளக்கமும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணத்தில் ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதை எல்லோரும் ‘உதவி’ என்றே சொல்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று வேறு செயல்கள் இருக்கின்றன. நன்றாகப் படித்ததற்காகக் கொடுப்பது பரிசு. ஆசிரியரின் பிள்ளை, ஒரே வீட்டிலிருந்து வரும் இரண்டாவது பிள்ளை என்று ஒரு வகையினர் எல்லோருக்கும் குறைப்பது சலுகை. கட்ட இயலாதவருக்குக் கட்டுவதே உதவி. பரிசும் சலுகையும் தவறானவை அல்ல. பள்ளி தன் விருப்பப்படி அவற்றைக் கொடுக்கலாம். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பணத்தை மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, அதை உதவிக் கணக்கில் எழுதுவது முறையன்று. ஐந்தொகை என்னும் ஆண்டுக் கணக்கு எடுக்கும் கணக்கப்பிள்ளை ஒரு பற்றை வேறொரு தலைப்பில் எழுதினால் கணக்கு நேராகாது; இதுவும் அப்படித்தான்.

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்ற பழமொழியை இந்த இடத்தில் பலரும் எடுத்துச் சொல்வார்கள். பெறுபவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று பார்த்துக் கொடு என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். பள்ளிக் கட்டணத்தைப் பொறுத்தவரை, அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அறிந்து கொடுப்பதே முதல் வேலை என்று நான் கருதுகிறேன். அந்தக் குறையைக் கணக்கிடும் முறை எளிது. ஓராண்டுக்குப் பள்ளிக்காக ஆகும் மொத்தச் செலவிலிருந்து, குடும்பம் தன் வயிற்றை வாடவிடாமல் கொடுக்கக்கூடிய தொகையைக் கழித்தால் கிடைப்பதே பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைதான் உதவியின் அளவு.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு மாதம் சராசரியாக 14,000 ரூபாய் வருகிறது. அவர் மனைவி கொட்டான் என்னும் ஓலைக் கூடை பின்னி 3,000 ரூபாய் சேர்க்கிறார். ஆக மாதம் 17,000 ரூபாய். சாப்பாட்டுக்கு 8,000, வாடகைக்கு 2,500, வீட்டிலிருக்கும் வயதான தாயாரின் மருந்துக்கு 1,200, பழைய கடனுக்கு வட்டி 1,500, மின்சாரம், எரிவாயு, கைபேசிக்கு 1,300 என்று 14,500 ரூபாய் போய்விடுகிறது. மீதி மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. அதில் பாதியை நோய்நொடிக்கும் அரசுப் பள்ளியில் படிக்கும் இளைய பிள்ளைக்கும் வைத்துக்கொண்டால், மூத்த பிள்ளையின் பள்ளிக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது 15,000. பள்ளியின் கல்விக் கட்டணம் 24,000 ரூபாய். ஆனால் செலவு அதோடு நிற்பதில்லை. பள்ளிப் பேருந்துக்கு 9,000, புத்தகம், சீருடை, காலணிக்கு 6,500 என்று மொத்தம் 39,500 ஆகிறது. பற்றாக்குறை 24,500.

இப்போது ஓர் அறக்கட்டளை, ‘கல்விக் கட்டணத்தில் பாதியை ஏற்கிறோம்’ என்று 12,000 ரூபாய் கொடுக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆண்டறிக்கையில் எழுதவும் நன்றாக இருக்கும். ஆனால் இன்னும் 12,500 ரூபாய் குறைகிறது. அந்தக் குடும்பம் முதல் பருவத்தைக் கட்டும், இரண்டாம் பருவத்துக்குக் கடன் வாங்கும், மூன்றாம் பருவத்தில் பிள்ளையை நிறுத்தும். அறக்கட்டளை கொடுத்த 12,000 ரூபாயும் அந்தக் குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமும் சேர்ந்தே வீணாகும். இருபது பேருக்குப் பாதிப் பாதியாகக் கொடுப்பதை விட, பத்துப் பேருக்குப் பற்றாக்குறை முழுவதையும் அடைப்பது மேல் என்று நான் வாதாடுவது இதனால்தான். இருபது பெயர்களைப் பலகையில் எழுதும் ஆசையைக் கைவிடுவது கடினம் என்பது தெரியும். ஆனாலும் கைவிடத்தான் வேண்டும்.

கணக்குப் போடும் முன் கட்டண அட்டையையே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் வாங்கக்கூடிய கட்டணத்தை, 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அட்டையில் உள்ள தொகை அந்த நிர்ணயத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுத்தால், கூடுதலாக வாங்குவதற்குத் துணைபோனதாக ஆகிவிடும்.

அடுத்து, அரசு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. இது செல்லும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. வருமானத்தைக் காட்டி விண்ணப்பிப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள் போன்றோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். இடங்களை விட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும்.

இந்தச் சட்டத்தின் கீழ் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரைதான் கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும்போது, எட்டு முதல் பத்து ஆண்டுகளாகக் கட்டணமே கட்டாத குடும்பம் திடீரென முழுக் கட்டணத்தையும் எதிர்கொள்கிறது. குடும்பத்தின் வருமானம் அதற்குள் அவ்வளவு உயர்ந்திருக்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னால் அந்தப் பிள்ளை பழகிய பள்ளியையும் தோழர்களையும் விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. தனியார் அறப்பணம் முதலில் பாய வேண்டிய பள்ளம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு உதவுவதை விட, எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது பெரிய காரியம்.

அரசின் 2 லட்சம் என்ற எல்லையைப் பல அறக்கட்டளைகளும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன ஆத்தங்குடிக் குடும்பத்தைப் பாருங்கள்: மாதம் 17,000 என்றால் ஆண்டுக்கு 2,04,000. நான்காயிரம் ரூபாய் கூடிப்போனதால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1,96,000 வருமானம் உள்ள பக்கத்து வீட்டுக்கு எல்லாம் உண்டு. லட்சக்கணக்கான பேருக்கு விதி வகுக்கும் அரசு எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஐம்பது விண்ணப்பங்களை மட்டும் படிக்கும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு அந்தக் கோடு தேவையில்லை. பற்றாக்குறையைக் கணக்கிட்டு, வருமானம் உயர உயர உதவியைச் சரிவாகக் குறைத்துக்கொண்டு போகலாம்.

அதோடு, வருமானச் சான்றிதழ் ஒன்றையே நம்புவதிலும் சிக்கல் உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவரின் வருமானத்தைக் காகிதம் காட்டும். கூலிக்காரர், சிறு வியாபாரி, சமையல் வேலைக்குப் போகிறவர் ஆகியோரின் வருமானத்தைக் காட்டாது. எங்களிடம் வந்த சான்றிதழ்களில், வெவ்வேறு தொழில் செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டு வருமானம் 72,000 என்றே ஒரே மாதிரி எழுதியிருந்தது. உண்மையான தொகையை எழுதி வாங்கியவர்தான் அந்த விண்ணப்பக் கட்டுக்குள் பணக்காரராகத் தெரிந்தார். உண்மை சொன்னதற்காக ஒருவர் உதவியை இழப்பது போன்ற அநியாயம் வேறில்லை. ஆகவே நாங்கள் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, வரவையும் செலவையும் தனியே உட்கார்ந்து கேட்டு எழுதுகிறோம்.

செட்டிநாட்டில் மட்டும் காணக்கூடிய இன்னொரு குழப்பமும் உண்டு. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வளவின், அதாவது பழைய மாளிகை வீட்டின், முகவரியோடு விண்ணப்பம் வந்தால், படிப்பவர்கள் உடனே அதைத் தள்ளி வைத்துவிடுவார்கள். தேக்கு மரத் தூணும் பட்டாலையும் இரண்டாங்கட்டும் உள்ள வீட்டுக்காரருக்கு உதவி எதற்கு என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால் அந்த வீடு பன்னிரண்டு பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். அதில் இரண்டு அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, விற்கும் உரிமை தனியாக இல்லை, வாடகையும் வராது. ஓடு மாற்றும் செலவு மட்டும் வந்துகொண்டே இருக்கும். அப்பச்சி காலத்துப் பெருமை பள்ளிக் கட்டணம் கட்டாது. அதே ஊரில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மாதாமாதம் பணம் பெறும் குடும்பம், சான்றிதழில் வருமானமே இல்லாததாகத் தோன்றும். சொத்து வேறு, கைக்கு வரும் பணம் வேறு என்ற இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர் இங்கே நியாயமாகத் தேர்வு செய்ய முடியாது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு விண்ணப்பமே போடாத பழைய குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லித்தான் தெரிய வரும்.

இனி மதிப்பெண். ‘நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் பணம் வீணாகாது’ என்பது நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் மதிப்பெண், வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. மாலையில் கடையில் நிற்கும் பிள்ளை 62 வாங்குவதும், தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளை 91 வாங்குவதும் ஒரே தராசில் நிற்கும் எண்கள் அல்ல. மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசின் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் திட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு எழுதி வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுகிறார்கள். அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. பதின்மூன்று வயதில் தேர்வு வைப்பதில் பொருள் உண்டு. அங்கும் வருமானம் என்ற வாசலைத் தாண்டிய பிறகே தேர்வு வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

தேவை சமமாக இருக்கும் இருவரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றால் என்ன செய்வது? பலர் அங்கே மதிப்பெண்ணைக் கொண்டு வருவார்கள். நான் குலுக்கலைக் கேட்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், முதலில் தகுதி பார்த்தார்கள், பிறகு தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குலுக்கலில் விடுபட்ட பிள்ளையிடம் ‘நீ போதாது’ என்று யாரும் சொன்னதாகாது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியவர் யார் என்று ஒரே வரியில் கேட்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் சம்பாதிப்பவரை இழந்த பிள்ளை என்பேன். தந்தை இறந்தோ, நோயில் விழுந்தோ, வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பி வந்தோ வருமானம் நின்றுபோன வீட்டில், பிள்ளை ஏற்கனவே துக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் பள்ளியும் மாறினால் அது இரண்டாவது இழப்பு. இத்தகைய பிள்ளையின் சென்ற ஆண்டு வருமானச் சான்றிதழ் நல்ல வருமானத்தைக் காட்டும் என்பதால், காகிதப்படி தேர்வு செய்யும் இடங்களில் இவர்களே முதலில் தள்ளுபடி ஆகிறார்கள். இவர்களுக்கென்று ஆண்டு நடுவில் கொடுக்க ஒரு பங்குப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கொடுக்கத் தொடங்கினால் அந்தக் கட்டம் முடியும் வரை, அதாவது பத்து வரையோ பன்னிரண்டு வரையோ, கொடுப்பதாக முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

தனியார் பள்ளிதான் வேண்டுமா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் செலவு மிகக் குறைவு. பல ஊர்களில் கற்பித்தலும் நன்றாகவே இருக்கிறது. இது பற்றிப் பெற்றோர்கள் பெரும்பாலும் யோசிக்காத ஒன்று உண்டு. மருத்துவச் சேர்க்கையில் 2020 முதலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் தமிழ்நாடு அரசு தரும் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனத்தில் கொண்டது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, நல்லது செய்வதாக நினைத்து நாம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், இவை இரண்டும் அவள் கையை விட்டுப் போகக்கூடும். எனவே அரசுப் பள்ளியிலிருந்து புதிதாக மாற விரும்பும் பிள்ளையின் விண்ணப்பத்தில், மாற்றத்துக்கான காரணத்தை நான் கண்டிப்பாகக் கேட்கிறேன். காது கேளாத பிள்ளைக்குத் தனிக் கவனம் தரும் பள்ளி, விரும்பும் பாடப்பிரிவு எட்டும் தூரத்தில் வேறு எங்கும் இல்லாமை போன்றவை தக்க காரணங்கள். உறவினர் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கிறது என்பது காரணமாகாது. அந்த வீட்டுக்கு இதை மெதுவாக, உட்கார வைத்து, விளக்கிச் சொல்ல வேண்டும்.

கொடுக்கும் விதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பணத்தைப் பள்ளியின் கணக்கில் நேரே செலுத்திவிட்டு, ரசீதைப் பெற்றோரிடம் கொடுத்தால் போதும். மேடையில் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம். எந்தப் பிள்ளை உதவியில் படிக்கிறது என்பது வகுப்பறைக்குத் தெரியக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், ஒரு தாய் விண்ணப்பத்தோடு வந்தார். கணவர் தரைக்கல் பட்டறையில் வேலை செய்பவர். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் செய்யும் அந்தக் கல் வெயிலில் காய வேண்டும். அடைமழை பிடித்தால் வேலை குறையும், கூலியும் குறையும். இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட வேண்டியதும் அதே மாதத்தில்தான். சான்றிதழைத் தேடிப் பையிலிருந்த காகிதங்களை அவர் மேசையில் எடுத்து வைத்தபோது, நடுவில் நான்காக மடித்த இரண்டு அடகுச் சீட்டுகள் இருந்தன. ஒன்று ஜூன் முதல் வாரத்துத் தேதி, மற்றது அக்டோபர். இரண்டும் பருவக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள். “அதைப் பாக்காதீங்கய்யா, அது வேற” என்று அவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். வருமானச் சான்றிதழ் சொல்லாததை அந்தச் சீட்டுகள் சொல்லிவிட்டன: அந்தக் குடும்பம் ஆண்டு முழுவதும் ஏழையாக இருந்ததை விட, ஆண்டில் இரண்டு முறை மிகவும் நெருக்கடியில் இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்த தொகையும் பெரிதன்று. பள்ளி நிர்வாகத்திடம் பேசி, இரண்டாம் பருவக் கட்டணத்தைத் தை மாதம் முதல் மூன்று தவணையாகக் கட்ட ஒப்புதல் வாங்கினோம். பேருந்துக் கட்டணத்தை மட்டும் அறக்கட்டளை ஏற்றது. அடுத்த ஆண்டு முதல் எங்கள் விண்ணப்பப் படிவத்தில், ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்குக் கீழே, எந்த மாதங்களில் வீட்டில் பணம் குறைவாக இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறோம்.